சொறிவது நாய்... துப்புத் துலக்க வேண்டியது நாம்!

உண்ணியா, உணவா, ஒவ்வாமையா? செல்லத்தின் தீராத அரிப்புக்குக் காரணம் தேடும் வழி

நாய் சொறிந்தால் தெருவுக்கே வைத்தியம் தெரியும். 'கந்தகத்தைத் தேங்காய் எண்ணெய்ல குழைச்சுப் பூசுங்க' என்பார் மாடி வீட்டுத் தாத்தா. 'கோழியை நிறுத்துங்கம்மா, சூடு' என்பார் பால் போடுகிறவர். 'மொட்டை அடிச்சு விட்ருங்க சார்' என்பார் வாட்ச்மேன். மெடிக்கல் ஷாப் தம்பி, கேட்டு முடிப்பதற்குள் ஒரு களிம்பை எடுத்து நீட்டுவார். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தடவச் சொல்லவும் ஊரில் ஆள் உண்டு.

இவற்றில் சில யோசனைகளில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. கந்தகத்துக்குத் தோல் பூச்சிகளைக் கொல்லும் குணம் உண்டு. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்களும் உண்டு. பழைய ஆயில் மட்டும் சுத்த விஷம். அது தோலைப் பொசுக்கும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். ஆனால், எல்லா யோசனைக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. இந்த நாய் ஏன் சொறிகிறது என்று யாருமே கேட்கவில்லை.

அரிப்பு என்பது அறிகுறிதான், நோய் வேறெங்கோ இருக்கிறது. தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறிப்பூச்சி, பாக்டீரியா, ஈஸ்ட், உணவு, வீட்டுத் தூசி என ஏழெட்டுக் காரணங்களும் வெளியே ஒரே மாதிரி சொறிதலாகத்தான் தெரியும். அதனால்தான் தோல் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் பூச்சி, அடுத்து கிருமித் தொற்று, பிறகு உணவு, கடைசியில்தான் சுற்றுப்புற ஒவ்வாமை. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதல் நாளே விலை உயர்ந்த உணவு மூட்டை வந்து இறங்குகிறது. உண்ணி மருந்து போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை.

குடம் வழியும் கணக்கு

நாயின் தோல் நாம் நினைப்பதைவிட மெல்லியது. மனிதத் தோலின் மேலடுக்கில் 10 முதல் 15 வரிசை செல்கள் இருக்கும். முடி மூடிய நாய்த் தோலில் 3 முதல் 5 வரிசைதான். ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு, செல்களின் இடுக்கை அடைத்துக் காக்க வேண்டிய கொழுப்புப் பொருள்களும் குறைவு. அதனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் தூசியும் மகரந்தமும் உள்ளே இறங்குகின்றன. தூசி ஒத்துக்கொள்ளாத மனிதர் தும்முவார். நாய் பெரும்பாலும் சொறியும், பாதத்தை நக்கும்.

ஒவ்வொரு நாய்க்கும் அரிப்பைத் தாங்கும் ஒரு வரம்பு உண்டு. அதை ஒரு குடமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தூசியால் பாதிக் குடம் நிரம்பிய நாய் சொறியாமலே இருக்கும். அதன்மேல் இரண்டு தெள்ளுப்பூச்சி கடித்து, மழைக்கால ஈரத்தில் பாதத்தில் ஈஸ்ட்டும் வளர்ந்தால் குடம் வழிகிறது. பழி மட்டும் அந்த வாரம் புதிதாகக் கொடுத்த பிஸ்கட்டின் மேல் விழுகிறது.

இதில் நமக்கு ஆறுதலும் இருக்கிறது. எல்லாக் காரணத்தையும் ஒழித்தாக வேண்டியதில்லை. காற்றில் இருக்கும் தூசியை நம்மால் முழுசாக ஒழிக்க முடியாது, பூச்சியையும் ஈஸ்ட்டையும் அடக்க முடியும். அந்த இரண்டும் போனாலே பல நாய்கள் வரம்புக்குக் கீழே வந்துவிடும்.

முதல் சந்தேகம் பூச்சி மேல்

'எங்க வீட்ல தெள்ளுப்பூச்சியே கிடையாதே' என்பது எல்லா க்ளினிக்கிலும் கேட்கும் வசனம். தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், பல நாள் சொறியும். அப்படிச் சொறிந்தும் கடித்தும் நக்கியும் அந்தப் பூச்சியை நாயே விழுங்கியிருக்கும். ஆகவே கண்ணில் படவில்லை என்பது சாட்சி ஆகாது. நாயை வெள்ளைத் துணி மேல் நிற்கவைத்து, வால் அடிப்பக்கம் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போலக் கருப்பாக விழுவதை ஈர டிஷ்யூவில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது ஜீரணமான ரத்தம்.

ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளுக்கு 40 முட்டைக்கு மேல் இடும். முட்டைகள் நாயின் உடம்பில் தங்குவதில்லை. படுக்கை, சோபா, மிதியடி என நாய் படுக்கும் இடமெல்லாம் உதிர்ந்து, அங்கேயே புழுவாகி, கூடு கட்டும். கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக் கணக்கில் காத்திருக்கக்கூடியது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால், அடுத்த மாதமே பழைய கதை.

உண்ணியும் அப்படியே. நம் ஊர் நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி, வாழ்நாள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழித்துவிடக்கூடியது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். உண்ணி அரிப்போடு நிற்பதில்லை, எர்லிகியா, பாபேசியா போன்ற ரத்தக் கிருமிகளையும் ஏற்றிவிடும். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். பூச்சியைக் கொல்லும் குளிர்காலம் தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடையாது. எனவே தடுப்பு மருந்துக்கு சீசன் இல்லை, 12 மாதமும் வேண்டும்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்து, காலர், மாத்திரை என்று வழிகள் பல. ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் போன்ற மாத்திரைகள் உண்ணி, தெள்ளுப்பூச்சி இரண்டையும் கொல்லும். முதல் வகையின் பலன் சுமார் 12 வாரம், இரண்டாவது ஒரு மாதம். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாட்டுக்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தைக் கண்ணளவாகக் கலந்து நாய் மேல் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். அளவு கூடினால் எச்சில் ஒழுகி, நடுக்கம் வந்து, உயிருக்கே ஆபத்து. வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

இன்னொரு ஆசாமி, தோலுக்குள் சுரங்கம் தோண்டும் சொறிப்பூச்சி. காது ஓரம், முழங்கை, குதிகாலில் தொடங்கி ராத்திரி தூங்கவிடாமல் அரிக்கும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையில் பல சமயம் சிக்காது. சந்தேகம் வலுவாக இருந்தால், மருந்து கொடுத்தே பார்த்துவிடுவார்கள். நாயைத் தூக்கிக் கொஞ்சியவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், முக்கியமான துப்பு அது. குட்டிகளின் முகத்தில் வட்ட வட்டமாக முடி கொட்டவைக்கும் டெமோடெக்ஸ் வேறு ரகம். மனிதருக்குத் தொற்றாது, ஆரம்பத்தில் பெரிதாக அரிக்காது. இந்தப் பூச்சிகளுக்குப் பழகிய ஐவர்மெக்டின் ஊசியை ஆள்விட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். காலி (Collie) போன்ற இன நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு. அவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் புகுந்து உயிரையே எடுத்துவிடும்.

எங்கே சொறிகிறது?

மருத்துவரிடம் போகும்முன் இரண்டு நாள் நாயைக் கூர்ந்து பாருங்கள். வால் அடியிலும் பின்தொடையிலும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதம், முகம், காது, அக்குள், அடிவயிறு என்றால் உணவு அல்லது சுற்றுப்புற ஒவ்வாமை. ஆசனவாயைத் தரையில் தேய்த்துக்கொண்டு இழுத்துப் போவதற்கு குதச் சுரப்பி அடைப்பும் காரணமாகலாம். வெள்ளை நாயின் பாதம் துருப்பிடித்த நிறமாக மாறியிருந்தால், நீங்கள் பார்க்காத நேரமெல்லாம் அது நக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எச்சிலில் இருக்கும் நிறமிதான் அந்தக் கறை.

சொறிதல் எந்த வயதில் தொடங்கியது, வருடம் முழுவதும் இருக்கிறதா, மழைக்காலத்தில் மட்டுமா, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு, கடைசியாக என்ன மருந்து போட்டோம் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் அரிப்புக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கும் போட்டு, வாரம் ஒரு போட்டோவும் எடுத்துவைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்ற சண்டை வீட்டில் வராது.

நாற்றம் சொல்லும் சேதி

சொறிந்து சொறிந்து தோல் உடைந்ததும், வழக்கமாக அங்கே சாதுவாகக் குடியிருக்கும் கிருமிகள் பெருகுகின்றன. சீழ்ப் பருக்களும், வட்டமாக உரியும் செதில்களும் பாக்டீரியாவின் வேலை. எவ்வளவு குளிப்பாட்டினாலும் போகாத புளித்த வாடை, தொட்டால் பிசுபிசுப்பு, யானைத் தோல் போலக் கறுத்துத் தடித்த அக்குள் என்றால் மலசீசியா என்ற ஈஸ்ட். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரப் புழுக்கம் அதற்குக் கொண்டாட்டம். பக் இன நாயின் முக மடிப்பும், லேப்ரடாரின் தொங்கு காதும் அதற்கு ஏற்ற இடங்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் தேவையில்லை. செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இந்தத் தொற்றே பெரிய அரிப்பைக் கிளப்பும். எனவே இதைத் தீர்க்காமல் அலர்ஜிக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் முழுப் பலன் கிடைக்காது. ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள். புண் ஆறியதுபோல் தெரிந்ததும் பாதியில் நிறுத்தினால் கிருமி திரும்பி வரும், மருந்துக்கு அடங்காமலும் வரலாம்.

தட்டில் ஒளிந்திருப்பது

பூச்சியும் தொற்றும் போன பிறகும் அரிப்பு நீடித்தால் உணவைச் சந்தேகிக்கலாம். உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில் மாட்டிறைச்சி 34 சதவிகிதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வரிசை வந்தது. நம் வீட்டு நாயின் மெனுவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் கோழிக் கழுத்துப் போட்ட சாதம், ராத்திரி தயிர் சாதம். நான்கில் மூன்று அங்கே இருக்கிறது. 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று நாம் கொடுக்கும் தயிரே சில நாய்களுக்குக் காரணமாக இருக்கும்.

ரத்தம், முடி, எச்சில் எடுத்து உணவு ஒவ்வாமையைச் சொல்லிவிடுவதாக விற்கும் பரிசோதனைகளை நம்பிப் பணம் போடாதீர்கள். நம்பகமான வழி ஒன்றுதான். நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான் 8 வாரத்துக்கு. கோழி தின்று வளர்ந்த நாய்க்கு முயல் இறைச்சியோ, மீனோ கொடுத்து, கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைக்கலாம். அல்லது புரதத்தை நுணுக்கமாக உடைத்துத் தயாரிக்கும் மருத்துவ உணவைக் கேட்கலாம். குட்டி நாய்க்கு வீட்டுச் சமையல் மட்டும் போதாது, மருத்துவரைக் கலந்துகொண்டே செய்யுங்கள்.

எட்டு வாரம் என்பது சொல்லச் சுலபம். நம் வீடுகளில் இது தோற்றுப்போவது சமையலால் அல்ல, பாசத்தால். பாட்டி தன் தட்டிலிருந்து ஒரு வாய் தயிர் சாதம் உருட்டிப் போடுவார். வாக்கிங் போகும் வழியில் டீக்கடைக்காரர் பொறை கொடுப்பார். குழந்தை இட்லியைக் கீழே சிந்தும். மாத்திரையை நாமே சீஸில் பொதிந்து கொடுப்போம். சில உண்ணி மாத்திரைகளிலேயே இறைச்சி வாசனை சேர்த்திருப்பார்கள். ஒரு வாய் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். எனவே உணவுக்கு வீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால் உடனே கொண்டாட வேண்டாம். பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மறுபடி தலைதூக்கினால்தான் உணவே குற்றவாளி என்பது உறுதி.

மிச்சம் இருப்பது அட்டோபி

உணவும் இல்லையென்றால் எஞ்சி நிற்பது அட்டோபிக் டெர்மடைடிஸ் என்ற பரம்பரை வழிச் சுற்றுப்புற ஒவ்வாமை. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தலைகாட்டும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஷிட்ஸூ, ஜெர்மன் ஷெப்பர்ட், ஃப்ரெஞ்ச் புல்டாக் ஆகிய இனங்களில் அதிகம். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, பூஞ்சை, புல், மகரந்தம் எல்லாம் இதைத் தூண்டும். இதற்கு முழுக் குணம் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை, கட்டுக்குள் வைக்கலாம்.

ஸ்டீராய்டு மலிவு, வேகமாகக் கேட்கும். ஆனால் நாள்பட்டால் அடங்காத பசி, தாகம், அடிக்கடி சிறுநீர், தோல் மெலிதல், தொற்று என்று வரிசையாக வரும். 'ஒரு ஊசி போட்டா ஒரு மாசம் சும்மா இருக்கான் சார்' என்று மாதாமாதம் ஊசி போடுவது இந்தப் பக்கவிளைவுகளை வளர்ப்பதுதான். ஓக்லாசிடினிப் என்ற மாத்திரை, அரிப்பைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குகிறது. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்ற இது சில மணி நேரத்திலேயே வேலை செய்யும். ஒரு வயது நிரம்பாத நாய்க்குக் கொடுப்பதில்லை. லோகிவெட்மாப் என்ற ஊசி அரிப்பைத் தூண்டும் ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக் கட்டுகிறது. பலன் நான்கு முதல் எட்டு வாரம். நாய்க்கு ஒவ்வாதது எதுவென்று பரிசோதித்து, அதையே சிறு சிறு அளவில் செலுத்திப் பழக்கும் இம்யூனோதெரபியும் உண்டு. பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். சென்னையில் இருப்பவர்கள் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் அணுகலாம்.

மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு விற்கும் ஸ்டீராய்டு களிம்பும், சளி மருந்து கலந்த அலர்ஜி மாத்திரையும் நாய்க்கு வேண்டாம். களிம்பை நக்கித் தின்னும். சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் இதயத்தைப் படபடக்க வைத்து உயிருக்கே உலைவைக்கும்.

குளியலும் ஒரு மருந்து

நம் ஷாம்பூ நாய்க்கு ஆகாது. மனிதத் தோலின் அமில-கார அளவு (pH) சுமார் 5.5, நாய்த் தோல் 7-ஐ ஒட்டியது. தொற்று இருந்தால் குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்து ஷாம்பூ. நுரை தோலில் 10 நிமிடம் ஊறினால்தான் பலன். போட்டவுடன் அலசினால் காசு சாக்கடையோடு போகும். வெந்நீர் அரிப்பைக் கிளறும். சாதாரணத் தண்ணீரே நல்லது. மழைநாளில் வெளியே போய்வந்ததும் பாதத்தைக் கழுவி விரல் இடுக்கை உலரத் துடையுங்கள். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையை இன்னொரு தடவை வெறும் தண்ணீரால் துடையுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

வாட்ச்மேன் சொன்ன மொட்டை? புண் இருக்கும் இடத்தில் முடியைக் கத்தரிப்பது சரி. உடம்பு முழுக்க மழித்தால் வெயில் நேராகத் தோலைத் தாக்கும்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியது எப்போது?

* ஒரே நாளில் ஈரமாகச் சிவந்து பரவும் புண் தோன்றினால்
* முகம் வீங்கி, தடிப்புகள் எழும்பினால்
* காதைச் சொறிந்து தலையை ஆட்டி, தலை ஒருபக்கம் சாய்ந்தால்
* உண்ணியோடு காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம்
* புண்ணில் ஈ மொய்த்தோ, புழு நெளிந்தோ இருந்தால்
* மருந்து போட்ட பிறகு நடுக்கம், எச்சில் ஒழுகல், தள்ளாட்டம்

கைவிடும் முன், வாங்கும் முன்

எல்லா நாயும் கொஞ்சம் சொறியும். அரிப்பே இல்லாத நாயைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ராத்திரி நாயும் தூங்குகிறது, வீட்டாரும் தூங்குகிறார்கள், புண் இல்லை, நாற்றம் இல்லை என்றால் அதுவே வெற்றி. நடுவில் ஒரு வாரம் திடீரென்று அதிகமானால் பதற வேண்டாம். புதிதாகக் குடத்தில் என்ன விழுந்தது என்று அதே வரிசையில் பாருங்கள்.

இந்தப் பொறுமை இல்லாமல் முடி கொட்டி, நாற்றமடிக்கும் உயர்ஜாதி நாயை ஏதோ ஒரு சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இந்த நிலை வராமல் தடுக்க எளிய வழி, வாங்கும் முன்பே பார்ப்பது. தோல் ஒவ்வாமை தாய்வழி, தந்தைவழி இறங்கும். ஆனாலும் குட்டி வாங்கப் போகிறவர்கள் சான்றிதழைப் பார்க்கிறார்கள், விலையைப் பேரம் பேசுகிறார்கள், தாய் நாயைக் கேட்பதில்லை. கேளுங்கள். அதன் பாதம் துரு நிறமா, அக்குள் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். காதை மடித்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கையிலிருந்து இறக்கி விடுங்கள்.